ரத்தம் தெறிச்சா மட்டும் போதுமா? முரட்டு க்ரைம் காமிக்ஸ், கிராபிக் நாவல்கள் – விவாத இழை

கொழிஞ்சாம்பாறை மேற்கு:

வணக்கமுங்க. க்ரைம் காமிக்ஸுன்னா நம்ம ஆட்கள்ல பாதிப்பேருக்குத் துப்பறியும் கதைதான் ஞாபகம் வருது. ரிப் கிர்பி, காரிகன், ரிப்போர்டர் ஜானி. நல்ல கதைகள்தான், குறை சொல்லல. ஆனா அதுல குற்றம்ங்கறது ஒரு புதிர். கடைசிப் பக்கத்துல விடை வந்துரும், போலீஸ் ஜீப் கிளம்பிரும், எல்லாரும் காப்பி குடிக்கப் போயிருவாங்க. இந்த இழை அதுக்கில்லைங்க. குற்றம் பண்றவன் பக்கத்துலயே உக்காந்து சொல்ற கதைகளுக்கு. 'சின் சிட்டி', 'ஃப்ரம் ஹெல்', '100 புல்லட்ஸ்', 'கிரிமினல்', 'டார்பிடோ' வகை.

ரெண்டு கேள்வி. படிச்சதுல எது நிக்குது, எதனால நிக்குது? "செம", "வெறித்தனம்" எல்லாம் வேண்டாம். எந்தக் கட்டம், எந்தக் கோடு, எந்த வசனம்னு சொல்லுங்க. அடுத்தது, இதுகளைத் தமிழ்ல கொண்டு வந்தா எங்க சறுக்கும்? வாளையாறு, குமுளி, செங்கோட்டை, களியக்காவிளை, அந்தப் பக்கம் நகரி, புத்தூருன்னு எல்லையில கிடக்கறவங்க காதுல ரெண்டு பாஷை எப்பவும் விழுந்துக்கிட்டே இருக்கும். ரெண்டாவது கேள்விக்கு நம்மகிட்ட சரக்கு அதிகம்னு நினைக்கறேன்.

நானே தொடங்கறேன். 'சின் சிட்டி' 1991ல டார்க் ஹார்ஸ் பதிப்பகத்து இதழ்கள்ல ஆரம்பிச்சது. ஃபிராங்க் மில்லர் அதுல சாம்பல் நிறத்தையே தொடல. கறுப்பு, வெள்ளை, அவ்வளவுதான். மார்வ்ங்கற முரடன் முகம் மொத்தமும் இருட்டுல போயிரும், ஒட்டியிருக்கற பிளாஸ்திரி மட்டும் வெள்ளையா மிதக்கும். அடி வாங்கினதை வரையாமலே அடி எங்கெங்க விழுந்துச்சுன்னு காட்டற வித்தை அது. 1996ல வந்த கதையில வில்லன் உடம்புக்கு மட்டும் மஞ்சள் சேர்த்தாரு. படத்துக்கு நூத்துக்கு நூறு. கதைக்கு என் கணக்குல ஐம்பதுதான், பொம்பளைப் பாத்திரம் அத்தனையும் ஒரே அச்சு.

பதிமூணு கண் பாலம்:

மேற்கு அண்ணே, ஒரு சின்னத் திருத்தம். குற்றவாளி பக்கத்துல உக்கார்ற பழக்கம் தமிழ் வாசகனுக்குப் புதுசில்ல. முத்து காமிக்ஸ் 1972ல முதல் இதழாப் போட்டதே இரும்புக்கை மாயாவி. அந்த ஆள் இங்கிலாந்து 'வேலியன்ட்' வார இதழ்ல 1962ல வந்தப்ப நாயகனே கிடையாது. ஒரு கை போன, மனசு கசந்துபோன ஆய்வுக்கூட ஊழியன். கரன்ட் பாஞ்சா உடம்பு மறையுது, இரும்புக்கை மட்டும் தெரியுதுன்னு கண்டுபிடிச்சதும் நேரா திருடப் போறான். ஸ்பைடரும் அப்படித்தான், குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜா ஆகணும்னு கிளம்பினவன். பிற்பாடு ரெண்டு பேரையும் திருத்தி நல்லவனாக்கிட்டாங்க. வேடிக்கை என்னன்னா, திருந்தினதுக்கப்புறம் ரெண்டு பேருமே சப்புன்னு ஆயிட்டாங்க.

இத்தாலியில அந்தத் திருத்துற வேலையே நடக்கல. 1962ல ஜுஸ்ஸானி சகோதரிகள் ஆரம்பிச்ச 'டயபோலிக்' இன்னிக்கு வரைக்கும் திருடன்தான். அளவு 12க்கு 17 சென்டிமீட்டர், பக்கத்துக்கு ரெண்டு, மூணு கட்டம். ரயில்ல தினமும் போயிட்டு வர்றவங்க ஒரு கையில பிடிச்சுப் படிக்கட்டும்னு வச்ச அளவு. நம்ம பழைய பாக்கெட் சைஸ் புத்தகங்களைப் பார்த்தவங்களுக்கு அந்த வடிவம் ஏன் க்ரைமுக்குப் பொருந்துதுன்னு புரியும். கட்டம் கம்மி, ஒவ்வொரு திருப்பலுக்கும் ஒரு அதிர்ச்சி.

குமுளி ஏலம்:

தம்பி சொன்னது சரி. நான் நேரா விஷயத்துக்கு வர்றேன். முரட்டுத்தனம்னா ரத்தம்னு நினைக்கிறவங்க 'ஃப்ரம் ஹெல்' பத்தாவது அத்தியாயத்தைப் பாக்கணும். ஆலன் மூர் எழுத்து, எட்டி கேம்ப்பெல் படம். 1989ல ஆரம்பிச்சு 1998ல முடிஞ்சது, லண்டன் ஒயிட்சேப்பல் கொலைகள் பத்தினது. அந்த அத்தியாயம் கிட்டத்தட்ட மொத்தமும் ஒரே அறை, ஒரு உடம்பு, ஒரு கொலைகாரன். கலர் கிடையாது. பேனாவால கீறின கோடு மேல கோடு. எது துணி, எது சதை, எது நிழல்னு கண்ணு பிரிக்கத் திணறும். பிரிஞ்சு புரியற நொடியில வயித்தைப் பிசையும். அதையே சிவப்புல போட்டிருந்தா கசாப்புக் கடைப் பலகையாப் போயிருக்கும்.

அதுலயே நாலாவது அத்தியாயத்தை நிறையப் பேர் இழுவைன்னு தாண்டிடுறாங்க. கதையில கொலைகாரனா வர்ற 'கல்'ங்கிற டாக்டரும் வண்டிக்காரன் நெட்லியும் லண்டனைச் சுத்துற பகுதி. தாண்டாதீங்க. கொலைக்கான காரணத்தை அந்த ஆள் ஊரோட வரைபடத்துல இருந்து உருவாக்கிக்கிறது அங்கதான். பின்னிணைப்புல மூர் எழுதின குறிப்புகளையும் படிங்க. எது ஆவணத்துல இருக்கு, எது தன் கற்பனைன்னு பக்கம் பக்கமா ஒத்துக்கிறாரு. நிஜக் கொலையை எடுத்து எழுதுறவனுக்கு அந்த நேர்மை வேணும்.

'டார்பிடோ' பத்தி மேற்கு கேட்டாரே. அபுலி எழுத்து. முதல் ரெண்டு கதைக்கு அலெக்ஸ் டோத் வரைஞ்சாரு, கதையோட குரூரம் ஒத்துவராம விலகிட்டாரு. அப்புறம் ஜோர்டி பெர்னெட். டோத் கோடு சுத்தம், பெர்னெட் கோடு அழுக்கு. அந்தக் கதைக்கு அழுக்குதான் சரி. ஆனா அதுல பொம்பளைங்களை நடத்துற விதம் இன்னிக்குப் படிச்சா கூசும். கறுப்பு நகைச்சுவைன்னு சொல்லி எல்லாத்தையும் கழுவிட முடியாது.

பாறசாலை பஸ்:

கட்டம் பற்றி யாரும் பேசல. டேவிட் லாஃபம் 1995ல ஆரம்பித்த 'ஸ்ட்ரே புல்லட்ஸ்' பக்கத்துக்கு எட்டுக் கட்டம். ரெண்டு வரிசை இல்ல, நாலு வரிசை, வரிசைக்கு ரெண்டு. பெரும்பாலும் எல்லாம் ஒரே அளவு. பார்க்க ஏதோ கணக்கு நோட்டு மாதிரி இருக்கும். ஆனால் பயமே அதுல இருந்துதான் வருது. சாதாரணமா ஒரு பக்கத்தைத் திருப்பினதும் பெரிய கட்டம் எங்கேன்னு கண் ஓரத்துல தெரிஞ்சுரும்; ஏதோ நடக்கப் போகுதுன்னு மனசு தயாராயிரும். எல்லாக் கட்டமும் ஒரே அளவுன்னா அந்த எச்சரிக்கை மணி அடிக்காது. சாப்பாடு பரிமாறுற கட்டமும் சுடுற கட்டமும் ஒரே அளவு.

இதுல இருந்து வரைகிறவர்களுக்கு ஒரு பாடம். அதிர்ச்சி எப்பவும் இரட்டைப்படைப் பக்கத்துல, இடது மேல் மூலையில வரணும். தமிழ் இடமிருந்து வலம் போகிற எழுத்து. இரட்டைப்படைப் பக்கம்தான் தாளைத் திருப்பினதும் முதலில் கண்ணில் படும். ஒற்றைப்படைப் பக்கத்துல வச்சா எதிர்ப் பக்கத்தைப் படிச்சிட்டிருக்கும்போதே ஓரக்கண்ணில் தெரிந்து புஸ்ஸுன்னு போயிரும். விளம்பரப் பக்கம் நடுவில் சொருகி இந்த ஒற்றை, இரட்டை வரிசையைக் குலைத்த மறுபதிப்புகள் உண்டு. கதை அப்படியே இருக்கும், திடுக்கிடல் மட்டும் இருக்காது.

நகரி தறிக்காரன்:

எல்லாம் கரெக்ட். இப்ப வசனத்துக்கு வருவோம், ஏன்னா தமிழ்ல இவங்க பண்ற அக்கிரமம் அங்கதான்.

'100 புல்லட்ஸ்' எடுத்துக்கோங்க. அசரெல்லோ எழுத்து, ரிஸ்ஸோ படம், 1999ல இருந்து 2009 வரைக்கும் சரியா 100 இதழ். கிரேவ்ஸ்னு ஒருத்தர் வந்து பெட்டி குடுப்பாரு. உள்ள துப்பாக்கி, யாரும் பின்தொடர முடியாத 100 தோட்டா, உன் வாழ்க்கையைக் கெடுத்தது யாருன்றதுக்கு ஆதாரம். அந்தக் கதையோட உயிரே தெருப்பேச்சு. ஒவ்வொரு ஊருக்கும், ஒவ்வொரு தெருவுக்கும் வேற பேச்சு. தமிழ்ல மொழிபெயர்க்கிறவங்க பொதுவா என்ன பண்றாங்க? ரவுடின்னா உடனே "இன்னாபா, பேஜாரு பண்றியா". வடசென்னைப் பேச்சு பேசறவன்லாம் ரவுடி, சுத்தத் தமிழ் பேசறவன்லாம் போலீஸ். நகரி, திருத்தணி, ராணிப்பேட்டை பக்கம் "கீது", "வருது பாரு"ன்னு பேசறது தறி ஓட்டறவங்க, பால் ஊத்தறவங்க, டீச்சருங்க. அது அவங்க வீட்டுப் பேச்சு. அதை எடுத்து அமெரிக்கக் கொலைகாரன் வாயில மாட்டி வுட்டா நுவார், அதான் அந்த இருண்ட குற்றக்கதை வாடை, வராது, காமெடிதான் வரும்.

திட்டு வார்த்தையும் அப்படித்தான். வீட்ல பிள்ளைங்க படிக்கிற புத்தகம்னு காரசாரமானதை எடுத்துட்டு அந்த இடத்துல "கேப்மாரி"ன்னு போடறாங்க. அது பாவமில்லாத வார்த்தைன்னு நினைப்பு. அது ஒரு சமூகத்தோட பேரு. வெள்ளைக்காரன் 1871ல இருந்து போட்ட குற்றப் பரம்பரைச் சட்டங்களால பிறப்பிலேயே குற்றவாளின்னு முத்திரை குத்தப்பட்ட சமூகங்கள்ல ஒண்ணு. நாடு முழுக்க அந்த முத்திரையை எடுத்தது 1952ல. குற்றத்தைப் பத்தின இலக்கியம்னு சொல்லிக்கிட்டு அதையே வசவா அச்சடிச்சா, கெட்ட வார்த்தை போட்டதை விட அசிங்கம். பேசாம பலூன்ல வசனத்தைப் பாதியில அறுத்து வுடுங்க. "உன்ன..."ன்னு மூணு புள்ளி வச்சா வாசகனே நிரப்பிக்குவான்.

குமுளி ஏலம்:

தறிக்காரர் சொன்னதுல முழு உடன்பாடு. அப்ப ரவுடி எப்படித்தான் பேசறது? அதுக்குத் தமிழ்லயே வழி இருக்கு, இங்கிலீஷ்ல இல்லாத வழி. அவங்களுக்கு எல்லாரும் ஒரே "யூ". நமக்கு நீங்க, நீ, டா, அப்புறம் "வாங்க", "வா", "வாடா". இந்த ஏணிதான் ஆயுதம்.

ஒரு காட்சி. கடன் வாங்கினவன் முதலாளி முன்னாடி நிக்கிறான். முதல் அஞ்சு கட்டம் முதலாளி "ஏன்டா, எங்கடா போன"ன்னு வாட்றான். பயமில்ல, இது தினசரிப் பேச்சு. ஆறாவது கட்டத்துல குரல் இறங்குது: "தம்பி, உக்காருங்க." அவ்வளவுதான். "டா" போயி "ங்க" வந்ததும் கதை முடிஞ்சுதுன்னு தமிழ் படிக்கத் தெரிஞ்ச யாருக்கும் புரிஞ்சுரும். வட்டார வழக்கே தேவையில்ல. மூலத்துல இல்லாத ஒரு மிரட்டலை மொழிபெயர்ப்பு சம்பாதிக்கிற இடம் இது.

எல்லைக் கதைன்னா இன்னும் வசதி. மலையாளத்துல "நீ"க்கும் "நிங்ஙள்"க்கும் நடுவுல "தான்"னு ஒண்ணு இருக்கு. மரியாதையும் இல்ல, அவமரியாதையும் இல்ல, மேல உக்காந்திருக்கிறவன் கீழ நிக்கிறவனை அளக்கிற வார்த்தை. கேரள அதிகாரி லாரி டிரைவர்கிட்ட "தான் எவிடெ போகுன்னு?"ன்னு கேக்குறதை அப்படியே தமிழ் எழுத்துல விட்ரணும். மொழிபெயர்க்காதீங்க. டிரைவருக்குப் பாதி புரியும், வாசகனுக்கும் பாதி புரியும். அந்தப் பாதிதான் பதட்டம்.

நகரி தறிக்காரன்:

அக்கா, சூப்பர். தெலுங்குப் பக்கம் "ரா" இருக்கு. "ஏமிரா"ன்றது அண்ணன் தம்பியும் சொல்வாங்க, ஃபாரஸ்ட் கார்டும் சொல்வாரு. எழுத்துல ரெண்டும் ஒண்ணு. வித்தியாசத்தைப் படம்தான் காட்டணும். சொல்றவன் கண்ணு எங்க பாக்குதுன்னு வரைஞ்சா போதும்.

பதிமூணு கண் பாலம்:

வசனம் சரி, அது பலூனுக்குள்ள அடங்குமா? இங்கதான் பெரிய சிக்கலே. ஆங்கிலத்துல "ஐ வில் கில் யூ" நாலு குட்டி வார்த்தை. வரிக்கு ஒண்ணா அடுக்கினா ஒடுக்கமான பலூன்ல நிக்கும். தமிழ்ல "கொன்றுவிடுவேன்" ஒரே வார்த்தை, உடைக்க முடியாது, அகலம் கேக்கும். ஜப்பான் புத்தகம்னா இன்னும் மோசம். அவங்க மேலிருந்து கீழ எழுதறதால பலூன் எல்லாம் வெள்ளரிக்காய் மாதிரி உயரமா இருக்கும். உராசாவாவோட 'மான்ஸ்டர்' (1994ல இருந்து 2001, 18 தொகுதி) தமிழ்ல வந்தா முதல் தலைவலி மொழிபெயர்ப்பு இல்ல, பலூன் அகலம்.

லெட்டரிங் பண்றவங்க, அதாவது பலூனுக்குள்ள எழுத்து போடறவங்க, செய்யற தப்பு, எழுத்தைச் சுருக்கறது. 9 பாயின்ட் இருந்ததை 7 ஆக்கறது, இல்லன்னா பக்கவாட்டுல 80 சதவீதத்துக்கு நசுக்கறது. நசுக்கினா "ண", "ன" வித்தியாசம் போயிரும், சுழி எல்லாம் அடைச்சிக்கும். வரி இடைவெளியைக் குறைச்சா மேல் வரியோட "கு", "மு" காலும் கீழ் வரியோட "கி", "மீ" கொக்கியும் முட்டிக்கும். 8.5 பாயின்ட்டுக்கு 11 பாயின்டாவது வரி இடைவெளி வேணும். சரியான வழி, வார்த்தையை மாத்தறது. "கொன்றுவிடுவேன்" வேண்டாம், "காலி பண்ணிருவேன்" போடுங்க, ரெண்டு வரியா உடையும். இல்லன்னா "செத்தடா". மூணு வரி வசனத்தை ஒரு வரியாக்கினா நஷ்டமில்ல, க்ரைம்ல பேச்சு குறையக் குறைய நல்லது. டார்வின் குக் 2009ல வரைஞ்ச பார்க்கர் கதை 'தி ஹன்டர்' தொடக்கத்தைப் பாருங்க. பாலத்து மேல ஒருத்தன் நடந்து வர்றான், கிட்டத்தட்ட வசனமே இல்லாம பக்கம் பக்கமா. கறுப்போட ஒரே ஒரு நீலச் சாயல். மொழிபெயர்ப்பாளருக்கு விடுமுறை மாதிரி.

ஆப்செட் அண்ணாச்சி:

பாத்துக்கிட்டேதான் இருக்கேன். எல்லாரும் கறுப்பு கறுப்புன்னு எழுதுதீங்க, அந்தக் கறுப்பைத் தாள்ல கொண்டுவர்றது என்ன பாடுன்னு ஒருத்தரும் கேக்கல. சொல்லுதேன்.

ஒத்தைக் கலர்ல, அதாவது கறுப்பு பிளேட் மட்டும் வச்சு மேப்லித்தோல (வழவழப்புப் பூச்சு இல்லாத தாளு) அடிச்சா, பெரிய கறுப்புப் பரப்பு கறுப்பா வராது, கரும்பலகையைத் துடைச்ச மாதிரி திட்டுத்திட்டா வரும். தாளு மையைக் குடிச்சிரும். சரி, மையைக் கூட்டுவோம்னு கூட்டினா கறுப்பு நல்லா வரும், ஆனா கேம்ப்பெல் மாதிரி ஆளு போட்ட நெருக்கமான கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடைச்சிரும். கறுப்புக்குள்ள இருக்க வெள்ளை எழுத்தும் அடைச்சிரும். மில்லர் படத்துக்கு மை கூட்டலாம், கேம்ப்பெல் படத்துக்குக் குறைக்கணும். ஒரே மெஷின்ல ஒரே அளவு வச்சு ரெண்டையும் ஓட்டினா ஒண்ணு செத்துரும்.

நாலு கலர் புத்தகம்னா கறுப்பு மட்டும் 100 வச்சா போதாது, அடியில சயான், அதாவது நீல மை, 40 சதவீதம் கொடுங்க, கறுப்புக்கு ஆழம் வரும். ஆர்ட் பேப்பர்னா சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 வரை போகலாம். மேப்லித்தோல நாலு மையோட சதவீதமும் கூட்டி 280 தாண்டினா காயாது, அடுத்த தாளு முதுகுல ஒட்டிக்கிட்டு வரும். ஆனா பலூன் எழுத்துக்கு இந்தக் கணக்கு ஆகாது. எழுத்து கறுப்பு பிளேட்ல மட்டும்தான் இருக்கணும். நாலு பிளேட்லயும் எழுத்து போச்சுன்னா பிளேட்டுக்குப் பிளேட் பொருந்துத ரிஜிஸ்டர் அரை மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுத்தி கலர் நிழல் விழும். படிக்கிறவன் கண்ணாடி பவர் கூடிட்டுன்னு நினைப்பான்.

ஃபைல் வாங்கும்போதே பாருங்க. கோட்டுப் படம் 1200 டிபிஐ (அங்குலத்துக்கு அத்தனை புள்ளி), வெறும் கறுப்பு வெள்ளை, சாம்பல் படி எதுவும் இல்லாம வரணும். 300 டிபிஐ ஜேபெக் அனுப்பினா கோட்டு ஓரமெல்லாம் புள்ளி புள்ளியா சாம்பலாயிரும், பேனாக் கீறல் பென்சில் தடவல் மாதிரி தெரியும். அளவு குறைக்கிறதும் அப்படி. பிரெஞ்சு ஆல்பம் 24க்கு 32 சென்டிமீட்டர். அதை 18க்கு 24ன்னு கொண்டுவந்தா முக்கால் அளவு. கால் பாயின்ட் கோடு 0.19 ஆயிரும், பிளேட்லயே அங்கங்க அறுந்துபோகும்.

தாளு 60 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 60 கிராம்) போட்டா பின்பக்கத்துக் கறுப்பு இந்தப் பக்கத்து வெள்ளைக் கட்டத்துல நிழலாத் தெரியும். க்ரைம் புத்தகத்துக்கு 80க்குக் கீழ இறங்காதீங்க. பைண்டிங்ல முதுகுக்குப் பசை போட்டு ஒட்டுற வகைன்னா ரெண்டு பக்கம் சேர்ந்த பெரிய படத்துல நடு ஓரம் பக்கத்துக்கு அஞ்சு ஆறு மில்லிமீட்டர் உள்ள போயிரும். அங்க முகத்தை வைக்காதீங்க, மூக்கு இல்லாத வில்லன்தான் வருவான்.

கொழிஞ்சாம்பாறை மேற்கு:

அண்ணாச்சி, இதைத் தனியா ஒட்டி வைக்கணுமுங்க.

இப்ப ஒரு யோசனை. வெளிநாட்டுக் கதையை மொழிபெயர்க்கறதைப் பத்தியே பேசறோம். நம்ம எல்லையே நுவார்தானுங்களே. கேரளத்துக் கள்ளுக்கடைப் பலகையைப் பாருங்க, கறுப்புப் பலகையில வெள்ளை எழுத்து. மில்லர் வரைஞ்ச மாதிரியே இருக்குது. தமிழ்நாட்டுல கள்ளுக்குத் தடை, ரோட்டைத் தாண்டினா சித்தூர் தாலூகாவுல மரம் மரமா இறக்கறாங்க. கதைக்கு வேற என்ன வேணும்? ஒரு எல்லை கிராபிக் நாவல் வந்தா அதுல என்ன தப்பு பண்ணக்கூடாதுன்னு சொல்லுங்க. கூட்டா ஒரு ஸ்கிரிப்ட் பண்ற எண்ணம் இருக்குது.

பாறசாலை பஸ்:

தப்பு எல்லாம் காலத்துலதான் வரும். முதலில் வருஷத்தை முடிவு பண்ணுங்க.

1996 ஏப்ரலுக்குப் பிறகு கேரளத்துல சாராயக்கடை கிடையாது, சாராயத்தை அப்போ தடை பண்ணிட்டாங்க. கள்ளுக்கடை உண்டு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சோதனைச்சாவடி போயிருச்சு. 2020ல நடக்கிற கதையில் வரிச் சீட்டுக்காக வாளையாறில் லாரி மைல் கணக்கில் நிற்கிற மாதிரி வரைந்தால் லாரிக்காரனே சிரிப்பான். எக்சைஸ், வண்டிப் பரிசோதனை வேறே, அது இருக்கு. செங்கோட்டை - புனலூர் ரயில் பாதை 2010ல் மூடி 2018ல்தான் அகலப்பாதையாகத் திறந்தது. நடுவில் உள்ள வருஷத்தில் பதிமூணு கண் பாலத்தில் ரயில் போகக்கூடாது. (பாலம் தம்பி கோவிச்சுக்கக் கூடாது.) 2024 ஜூலைக்குப் பிறகு நடந்த கொலைக்கு 302 கிடையாது, புதுச் சட்டத்தில் 103. ஆந்திர வண்டி நம்பர் சித்தூர்னா பழசு ஏபி 03. 2019ல் மாநிலம் முழுக்கப் பொதுவா ஏபி 39 வந்தது.

பதிமூணு கண் பாலம்:

கோவிக்கல. கண்ணில் படாத இன்னொண்ணு, எடை. ஸ்பிரிட் கடத்தல் செய்தியில எப்பவும் வர்ற கன்னாஸ், அதாவது பிளாஸ்டிக் கேன், 35 லிட்டர். ஸ்பிரிட் தண்ணியை விட லேசு, லிட்டர் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல, 0.8 வச்சுக்கலாம். நிறைஞ்ச கன்னாஸ் 28 கிலோ, கேனோட எடை தனி. படத்துல ஒருத்தன் கைக்கு ஒண்ணா ரெண்டைத் தூக்கிக்கிட்டு நிமிர்ந்து நடந்தா அது காலி கேன். ஒண்ணைத் தூக்கினா எதிர்த் தோள் மேல ஏறும், அந்தப் பக்கத்துக் கை விலகி நிக்கும், பாதம் அகலமா வைக்கும், கைப்பிடி விரல் வெளுத்திருக்கும். வசனமே இல்லாம இவன் எத்தனை நடை நடந்திருக்கான்னு ஒரு தோளை வச்சே சொல்லலாம்.

நகரி தறிக்காரன்:

நம்ம பக்கம்னா செம்மரம். சேஷாசலம் காடு. ஸ்பிரிட்டை வுட அதுதான் கனமான கதை, ரெண்டு அர்த்தத்துலயும். செம்மர வயிரம் தண்ணியில முழுகற அளவுக்கு அடர்த்தி. வெளிப்பக்கத்து வெள்ளைக் கட்டையைச் செதுக்கிட்டு வயிரத்தை மட்டும் சுமப்பாங்க, அதனால கட்டையோட மேனி உருண்டையா வழவழன்னு இருக்காது, கோடாலி வெட்டு முகமுகமா இருக்கும். மில்லுல அறுத்த மாதிரி வரையாதீங்க.

ஒரு வேண்டுகோள். 2015 ஏப்ரல் 7ல அந்தக் காட்டுல தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேரைச் சுட்டுக் கொன்னாங்க. திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து ஆளுங்க. அதை ரெண்டு பக்கம் விரிச்சு தோட்டா பறக்கிற மாதிரி வரையற புத்தகம் வேணாம். கூலிக்கு மரம் வெட்டப் போறவன், அவனை அனுப்பறவன், துறைமுகத்துல வாங்கறவன்னு சங்கிலி நீளம். செத்துப்போறது முதல் கண்ணி மட்டும்தான். மூர் பின்னிணைப்புல ஒத்துக்கிட்ட மாதிரி, எது நிஜம் எது கற்பனைன்னு சொல்லிடணும்.

குமுளி ஏலம்:

சரிதான். இன்னொரு சிக்கல் இருக்கு. கறுப்பு வெள்ளையில செம்மரம் எப்படித் தெரியும்? வேங்கையா, தேக்கா, செம்மரமான்னு வாசகனுக்குத் தெரியாது. மேற்கு சொன்ன மஞ்சள் மாதிரி ஒரே ஒரு நிறம், சிவப்பு, மரத்துக்கு மட்டும் குடுக்கலாம். ஆனா ரத்தத்துக்குச் சிவப்பு கிடையாது, ஒரு சொட்டு கூட. ரத்தம் கறுப்புலயே போகட்டும். விலை இருக்கிற பொருளுக்குத்தான் நிறம்.

பாறசாலை பஸ்:

வாசகன் மரத்தையே ரத்தம்னு நினைச்சுக் குழம்புவான்.

குமுளி ஏலம்:

முதல் ரெண்டு பக்கம் குழம்பட்டும், அப்புறம் பழகிரும். அண்ணாச்சி, செலவு என்ன ஆகும், எப்படிப் பண்றது?

ஆப்செட் அண்ணாச்சி:

மெஜந்தா, மஞ்சள் சேர்த்து சிவப்பு பண்ணாதீங்க, அதுக்கு ரெண்டு பிளேட், கறுப்போட மூணு. சிவப்பு மையைத் தனியா கலக்கச் சொல்லி ஸ்பெஷல் கலரா ஒரே பிளேட்ல அடிங்க. ரெண்டு கலர் மெஷின்னா ஒரே ஓட்டத்துல முடியும். சிவப்பை 40 சதவீதம், 30 சதவீதம்னு இளசாக்காதீங்க, ரோஸ் ஆயிரும், செம்மரம் பஞ்சுமிட்டாய் ஆயிரும். நிழல் வேணும்னா சிவப்பு மேல கறுப்புக் கோடு. கறுப்பு சிவப்பு மேலேயே ஏறி அடிக்கணும், அடியில வெள்ளை வெட்டி விடக்கூடாது. கட்டையைச் சுத்தின கோடு அரை மில்லிமீட்டராவது இருக்கட்டும், பிளேட் லேசா நகர்ந்தாலும் அதுக்குள்ள மறைஞ்சிரும்.

செலவைக் குறைக்க வழி கேளுங்க. 16 பக்க ஃபார்ம்ல, அதாவது ஒரே பெரிய தாள்ல அடிச்சு மடிக்கிற 16 பக்கத்துல, தாளோட ஒரு முகத்துல 1, 4, 5, 8, 9, 12, 13, 16 வரும். மறு முகத்துல 2, 3, 6, 7, 10, 11, 14, 15. சிவப்பு வர்ற பக்கத்தையெல்லாம் ரெண்டாவது முகத்துல மட்டும் அமையற மாதிரி ஸ்கிரிப்டைப் பிரிச்சா, ஃபார்முக்கு ஒரு முகம்தான் ரெண்டு கலர், மறு முகம் வெறும் கறுப்பு. சிவப்புக்கு ஆகுற செலவுல பாதி மிச்சம்.

பாறசாலை பஸ்:

அப்படின்னா 6, 7 எதிரெதிர்ப் பக்கம், ரெண்டுலயும் சிவப்பு உண்டு. திருப்பினால் 8, 9, ரெண்டுலயும் சிவப்பு கிடையாது. அதிர்ச்சி 8ஆம் பக்கம் இடது மேல் மூலையில வரணும்.

குமுளி ஏலம்:

6, 7ல மரம் இறங்குது, வரிசையா தோள்ல கட்டையோட ஆளுங்க. 8ல சுடுறாங்க. அங்க சிவப்பு போடணும்னு யாருக்காவது கை அரிச்சாலும் போட முடியாது. மெஷின்லயே இல்ல.

கொழிஞ்சாம்பாறை மேற்கு:

பக்கப் பிரிப்பு அப்படியே வச்சுக்கலாமுங்க. 8ஆம் பக்கம் முழு இருட்டு, ஒரே கட்டம்.

ஆப்செட் அண்ணாச்சி:

முழு இருட்டு வச்சா 7ஆம் பக்கத்துல நிழல் அடிக்கும் தம்பி, ரெண்டும் ஒரே தாளு. 7ல மேல்பாதி வானத்தை வெள்ளையா விடாதீங்க, மரம் செடின்னு கோடு நிறைய போட்டு வைங்க. தாளு 80 இல்ல, 90 எடுங்க.

பதிமூணு கண் பாலம்:

கட்டை சுமக்கிறவன் தோளை நான் சரிபாக்கிறேன்.